ஒரு லிட்டர் தூரம்

முதல் கிலோமீட்டர் கல்லைத் தாண்டியபோது பாட்டிலில் டீசல் அப்படியே இருந்தது, அல்லது அப்படித் தெரிந்தது. பாட்டில் மிக்கேலின் மடியில் இருந்தது. ஸ்டியரிங்கில் இருந்த மாடக்கண்ணு, மிக்கேலின் கையில் இருக்கும் எதையும் நான்கு மாதமாக நம்புவதில்லை. பழைய குளிர்பான பாட்டில்தான். ஒரு லிட்டர் அளவுக்கு நேராகச் சிவப்பு டேப் ஒட்டி, மூடியில் இரண்டு துளை போட்டு, இரண்டு டியூபைச் செருகி, ஜன்னல் வழியாக பானெட்டுக்குள் கொண்டுபோயிருந்தான் மெக்கானிக் காஜா. ஒன்று எஞ்சினுக்கு டீசலை இழுக்கிறது. மற்றது, எஞ்சின் குடித்தது போக மிச்சத்தைத் திரும்பப் பாட்டிலிலேயே துப்புகிறது. டேங்குக்கும் எஞ்சினுக்கும் இப்போது சம்பந்தம் இல்லை. இந்த ஒரு லிட்டர் தீரும்வரை ஓட்ட வேண்டும், தீர்ந்தால் வண்டி தானாக நிற்கும், நின்ற இடத்தில் கல்லைப் பார்க்க வேண்டும். மீட்டர் செத்து ஏழு வருடம் ஆகிறது. "போறப்ப நீங்க ஓட்டுங்க அண்ணாச்சி, பாட்டில அவரு பிடிக்கட்டும். வாறப்ப இன்னொரு லிட்டர ஊத்தி அவரு ஓட்டட்டும், நீங்க பிடிங்க. ரெண்டு டிரைவர் வண்டிக்கு நம்ம பட்டறையில அதான் முறை. அப்பதான் ஒருத்தர் மேல ஒருத்தர் பழி போடமாட்டிய" என்று காஜா சிரித்துக்கொண்டே சொன்னான். பழி. பழி என்றா சொன்னான். பழி வேறு, குற்றச்சாட்டு வேறு. மாடக்கண்ணு வாழ்க்கையில் யார் மேலும் பழி போட்டதில்லை. ஆதாரத்தோடு பெயரை வெளியிட்டிருக்கிறார், அவ்வளவுதான். சீட்டுக்கு அடியில் வீல் ஸ்பேனர் கிடந்தது. காலையில் அவர்தான் அதைப் பின்னாலிருந்து எடுத்து முன்னால் வைத்தார். கியர் மாறும்போதெல்லாம் அது லேசாக உருண்டு அவருடைய குதிகாலைத் தொட்டது, வலது குதிகாலை.

பதினாலு ஓட வேண்டும். இந்த லோடு வண்டி பத்தொன்பது வருடத்துக் கிழடு, ஆனால் உப்பு மூட்டை ஏற்றிக்கொண்டு லிட்டருக்குப் பதினாலு ஓடிய வண்டி. இப்போது ஒன்பது. இடையில் காணாமல் போன ஐந்து எங்கே போனது? தோழர்களே, சிந்தியுங்கள் என்று ஒரு நோட்டீஸ் அவருக்குள் தானாகவே தொடங்கியது. மில் சங்கத்துக்கு அவர் எழுதிய எல்லா நோட்டீசும் அப்படித்தான் தொடங்கும். காலையில் அவர் ஓட்டுகிறார், மத்தியானத்துக்கு மேல் மிக்கேல் ஓட்டுகிறான். மில் மூடியபோது கிடைத்ததைப் போட்டு இருவரும் சேர்ந்து வாங்கிய வண்டி, ஒரே சாவி, ஒரே டேங்க். ஏர் ஃபில்டர் மாற்றியாயிற்று. டயரில் காற்று சரி. நாசிலைக் கழற்றி அழுத்தம் பார்த்தாயிற்று. பிரேக் எங்கும் பிடிக்கவில்லை, காஜா நான்கு சக்கரத்தையும் ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிக் காட்டினான். இயந்திரம் குற்றமற்றது. இயந்திரம் குற்றமற்றது என்றால் மனிதன். அரையாண்டுத் தேர்வில் பெயிலாகி மில்லுக்குப் போனவருக்கு இப்படி அடுக்கி யோசிக்கக் கற்றுக்கொடுத்தவை பத்துப் பைசாப் பிரசுரங்கள்தான். இந்த ஒரு லிட்டர் பதினாலு கல் ஓடட்டும். ஓடினால் வண்டி சுத்தம், டேங்கிலிருந்துதான் போகிறது, உறிஞ்சி எடுக்கிறவன் இதோ பக்கத்தில் பாட்டிலைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஓடட்டும். ஸ்டாண்டுக்குத் திரும்பியதும், இருபது டிரைவர்களும் டீ குடிக்கிற நேரம், எதுவும் பேசக்கூடாது. பேச்சு பலவீனம். ஸ்பேனர் நேராக அவன் வலது கையில் இறங்க வேண்டும், மணிக்கட்டுக்குச் சற்று மேலே. அப்புறம் கரும்பலகை. ஸ்டாண்டுச் சுவரில் அவர் அடித்து மாட்டிய பலகை, தினமும் ஒரு வாசகம் எழுதுவார். அதில் ஒருவன் பெயர் ஏறினால் அவனுக்கு உப்பளத்தில் எவனும் லோடு கொடுக்கமாட்டான். காலையிலேயே பலகையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு வந்திருந்தார். சுண்ணாம்புக்கட்டி சட்டைப் பையில் இருந்தது.

"கியர மாத்துங்க அண்ணாச்சி, வண்டி அழுவுது" என்றான் மிக்கேல். "ஓட்டுறவனுக்குத் தெரியும்லே." "சரி சரி, நான் பாட்டில் பிடிக்கிறவன்தான்" என்று அவன் பாட்டிலை உயர்த்தி வெளிச்சத்தில் பார்த்தான், பால் கெட்டுவிட்டதா என்று பார்க்கிற மாதிரி. இரண்டு பக்கமும் உப்பளம். வெள்ளை. கண்ணைக் குத்துகிற வெள்ளை, ஆஸ்பத்திரிச் சுவர் மாதிரி, மாவுக்கட்டு மாதிரி. மாவுக்கட்டுக்குள் அவருடைய இடது கால் ஐந்து மாதம் கிடந்தது. வேலைநிறுத்தத்தின் நாற்பதாம் நாள் மில் வாசலில் லத்தி இறங்கியபோது அவர் ஓடவில்லை. ஓடாதே என்று மற்றவர்களைப் பார்த்துக் கத்திக்கொண்டு நின்றார், எல்லாரும் ஓடினார்கள், அவர் நின்றார். முதல் அடி முதுகில். இரண்டாவது தோளில். மூன்றாவது அடி முழங்காலுக்குப் பின்னால் விழுந்தபோது விறகு முறிகிற சத்தம் கேட்டது, எங்கோ யாரோ விறகு முறிக்கிறார்கள் என்றுதான் நினைத்தார். அப்புறமும் அடித்தார்கள். நான்கு பேர், ஒருவன் வேர்வையைத் துடைத்துக்கொண்டு மறுபடி வந்து அடித்தான். அந்தக் காலை எத்தனை மேடையில் காட்டியிருக்கிறார். வேட்டியைத் தொடைக்கு மேல் ஏற்றி, தோழர்களே, இது கால் அல்ல, கல்வெட்டு என்பார், கைதட்டல் எழும். மேடையில் சொல்லாதது ஒன்று உண்டு. முழங்காலுக்குக் கீழே அதில் உணர்ச்சி கிடையாது. நரம்பு போய்விட்டது என்றார் டாக்டர். முள் குத்தினாலும் தெரியாது. லைசென்சைப் புதுப்பிக்கும்போது இதை யாராவது சொல்வார்களா? மனைவிக்குக்கூடத் தெரியாது. கால் பெடலைத் தேடிப் போகும், மிதிக்கும், அது போதும். ஒரு போராளியின் கால் அதற்கு மேல் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

நான்காவது கல். கருகிய வாடை வந்தது. மீன் கழிவை அரைக்கிற கம்பெனி ஒன்று இந்தப் பக்கம் இருக்கிறது, அதுவாக இருக்கும். இல்லை, இது காகிதம் எரிகிற வாடை, அவருக்குத் தெரியாதா, சங்கக் கட்டடத்தின் பின்புறம் ஐந்நூறு நோட்டீசை அவர் ஒருவராக எரித்தபோது வந்த வாடை, மை முதலில் பச்சையாகி, அப்புறம் கறுத்து. வேண்டாம். அந்தப் பக்கம் போக வேண்டாம். மிக்கேலைப் பற்றி யோசி. மிக்கேலின் மணிக்கட்டு. மெலிந்த மணிக்கட்டு, நரம்பு தெரிகிறது, ஜெபமாலையை வளையல் மாதிரி சுற்றியிருக்கிறான். ஸ்பேனர் விழுந்தால் முதலில் மாலை அறும், மணிகள் சிதறும், அப்புறம்தான் எலும்பு. எலும்பின் சத்தம் அவருக்குத் தெரியும். இரண்டு விதமாகத் தெரியும்: உள்ளிருந்து கேட்டது ஒன்று, வெளியிலிருந்து கேட்டது ஒன்று. வெளியிலிருந்து கேட்டது சிறிய சத்தம், முறுக்கு நொறுங்குகிற மாதிரி. விரல்கள் அவ்வளவுதான் சத்தம் போடும். தவசியின் விரல்கள். வேண்டாம் என்றேனே. தவசி ஸ்பின்னிங்கில் அறுந்த நூலை முடிகிறவன், அந்த ஷெட்டில் அவன் கை வேகம் எவனுக்கும் வராது, நூல் சுற்றி ஓடுகிற கதிருக்கு முன்னால் விரல் ஒருமுறை அசையும், நூல் ஒட்டிக்கொண்டுவிடும். முப்பதாம் நாள் பின்வாசலில் லாரியை மறிப்பது என்று ஆறு பேர் கூடி முடிவெடுத்தார்கள், விடியும்போது பின்வாசலில் இரண்டு வேன் போலீஸ். ஆறில் ஒருவன். எவன்? முந்தின நாள் தவசி மேனேஜர் அறையிலிருந்து வெளியே வந்ததை ஒருவர் பார்த்திருந்தார். மகள் காய்ச்சலுக்கு முன்பணம் கேட்கப் போனேன் என்றான். எல்லாக் கருங்காலிக்கும் ஒரு மகள் இருப்பாள், அவளுக்கு ஒரு காய்ச்சல் இருக்கும் என்று நோட்டீசில் எழுதினார், நல்ல வாக்கியம், அச்சகத்துக்காரரே பாராட்டினார். கதிர் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டார். இரும்புக் கதிர், முழங்கை நீளம், கைக்கு அடக்கம். தவசியின் கையை மேசைமேல் வைத்துப் பிடிக்கச் சொன்னது மிக்கேலைத்தான். மிக்கேல் பிடிக்கவில்லை. "அவன் இல்ல அண்ணாச்சி, விடுங்க, அவன் இல்ல" என்றான். வேறு யாரோ பிடித்தார்கள். அந்த ஆறு பேரில் ஒருவனான ஞானதிரவியம் பிடித்தான்.

பிடித்தவனேதான் காட்டிக்கொடுத்தவன். அது ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தெரிந்தது, வேலைநிறுத்தம் முடிந்த மறுவாரம் ஞானதிரவியம் சூப்பர்வைசர் ஆனபோது. மேசைமேல் தவசியின் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, போடுங்க அண்ணாச்சி, துரோகிக்கு இரக்கம் என்ன என்று சொன்னவன். அவனைத் தேடிப் போய் அடித்திருக்கலாம், கால் மாவுக்கட்டில். மறுப்பு நோட்டீஸ் ஒன்று எழுதினார். எழுதாமல் இல்லை. எழுதினார். தலைப்புகூட வைத்தார். அச்சுக்குக் கொடுக்கவில்லை. இயக்கம் அப்போதுதான் தோற்றிருந்தது, தோற்ற இயக்கத்தின் தலைவர் தப்பான ஆளை அடித்தார் என்று அவரே ஊருக்குச் சொல்வதா? நாளை சொல்லலாம் என்று வைத்தார். இருபத்தாறு வருடம் நாளையாகவே இருந்தது. மிச்ச நோட்டீசை எரித்தார். தவசியை மறுபடி ஒரே ஒருமுறை பார்த்தார், பஸ் ஸ்டாண்டில், கைக்குட்டை விற்றுக்கொண்டிருந்தான், வலது கையை மடித்து வேட்டிக்குள் வைத்திருந்தான். பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருக்கலாம், காறித் துப்பியிருக்கலாம், அந்த மௌனத்தை நினைத்தால் இப்போதும் அவனை இன்னொருமுறை அடிக்கலாம் போல இருக்கிறது. ஏழாவது கல். "எவ்வளவு இருக்கு?" "கால் பாட்டில் அண்ணாச்சி." "பொய் சொல்லாதலே." "இந்தா பாருங்க, நீங்களே பாருங்க, நான் என்ன குடிச்சிட்டா இருக்கேன்" என்று மிக்கேல் பாட்டிலை அவர் முகத்துக்கு நேராக நீட்டினான். கால் பாட்டில்தான். ஏழில் முக்கால் போய்விட்டது. ஓடு. பதினாலு ஓடு. அவர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தார், பற்களைக் கடித்தார், உடம்பு முழுவதும் முன்னால் தள்ளியது, கைகள், தோள்கள், கால்கள் எல்லாம், வண்டியைத் தானே தள்ளிக்கொண்டு போகிறவர் மாதிரி.

ஒன்பதாவது கல்லைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் எஞ்சின் விக்கியது. இருமுறை விக்கி, நடுங்கி, நின்றது. உப்பளத்துக் காற்று மட்டும் கேட்டது. அப்படியானால் வண்டிதான். டேங்கும் இல்லை, டியூபும் இல்லை, திருட்டும் இல்லை, பாட்டிலில் ஊற்றினாலும் ஒன்பதுதான். மிக்கேல் சுத்தம். நிம்மதி வர வேண்டும். வரவில்லை. யாரோ தன் கையிலிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டது போல இருந்தது. நான்கு மாதமாக ஒவ்வொரு நாளும் தூங்கி எழும்போது அந்த மணிக்கட்டை நினைத்துக்கொண்டே எழுந்திருக்கிறார்; அந்தக் கோபத்தை இனி எங்கே கொண்டுபோய் வைப்பது? மிக்கேல் இறங்கி, இரண்டாவது லிட்டரைப் பாட்டிலில் ஊற்றி, பானெட்டைத் தூக்கிக் குனிந்தான். காற்று ஏறிய டீசல் லைனில் காற்றை வெளியேற்றினால்தான் மறுபடி ஸ்டார்ட் ஆகும். மாடக்கண்ணு இறங்கினார். ஸ்பேனர் கையில் இருந்தது, எப்போது எடுத்தார் என்று தெரியவில்லை. மிக்கேலின் பிடரி வெயிலில் தெரிந்தது, நரைத்த முடி, ஒரு கறுத்த மச்சம், வேர்வை ஒரு கோடாக இறங்கியது. இப்போதும் அடிக்கலாம். காரணம் போய்விட்டது, கை போகவில்லை. சாலையில் ஒருவரும் இல்லை. மிக்கேல் திரும்பாமல் சொன்னான்: "அது வீல் ஸ்பேனர் அண்ணாச்சி. இதுக்குச் சேராது. டூல் பையில பத்தாம் நம்பர் கிடக்கும், அத எடுத்துக் குடுங்க." அவன் பின்னால் நீட்டிய கை, உள்ளங்கை மேலாக, அப்படியே காற்றில் காத்திருந்தது. வலது கை. ஜெபமாலை சுற்றிய மணிக்கட்டு. மாடக்கண்ணு அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் போய்ப் பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து அந்த உள்ளங்கையில் வைத்தார்.

திரும்பும்போது மிக்கேல் ஓட்டினான், பாட்டில் அவர் மடியில். பிளாஸ்டிக் வழியாக டீசல் தொடையைத் தட்டியது. அதே சாலை, அதே உப்பு மூட்டை, அதே காற்று. முதல் கல், இரண்டாவது கல். அவர் சிவப்பு டேப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார். டீசல் இறங்க மறுத்தது. டேப்புக்குக் கீழே இரண்டு விரல் அளவு இறங்கிவிட்டு அங்கேயே நிற்கிற மாதிரி இருந்தது. நான்காவது கல்லில் முக்கால் பாட்டிலுக்குக் கொஞ்சம் குறைவு. கருகிய வாடை இல்லை. மீன் கம்பெனி அங்கேயேதான் இருக்கிறது, வாடை இல்லை. ஏன்? அவருக்குத் தெரியும். வேண்டாம். வேறு எதையாவது யோசி. கண்கள் தாமாகக் கீழே போயின. மிக்கேலின் இடது கால் கிளட்சுக்குப் பக்கத்தில் தரையில் சும்மா கிடந்தது, கியர் மாற்றும்போது மட்டும் எழுந்து மிதித்துவிட்டுத் திரும்பி வந்து சும்மா கிடந்தது. அப்புறம் அவர் தன் இடது காலைப் பார்த்தார். பெடல் எதுவும் இல்லாத தரையில், அது முன்பாதத்தால் ரப்பர் விரிப்பை அழுத்திக்கொண்டிருந்தது. அவர் அழுத்தச் சொல்லவில்லை. எடு என்றார் மனசுக்குள். எடுத்ததா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை, பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. எடுக்கவில்லை, முன்பெல்லாம் சொன்னதும் எடுத்த கால். கிளட்ச் பெடலின் ரப்பர் இந்த நான்கு மாதத்தில் இரண்டுமுறை தேய்ந்துபோனது நினைவுக்கு வந்தது. கிளட்ச்சை எந்நேரமும் கொஞ்சம் மிதித்தே வைத்திருந்தால் எஞ்சின் கத்தும், சக்கரத்துக்குப் பாதிதான் போகும், மிச்சம் பிளேட்டில் உரசிக் கருகும். இதை எத்தனை டிரைவருக்கு அவரே சொல்லியிருக்கிறார். காலம் முழுதும் கல்வெட்டு என்று சொல்லித் திரிந்த கால். அதுதான் குடித்தது.

"எப்பத்திலேர்ந்து தெரியும்?" என்று கேட்டார். குரல் வேறு யாருடையதோ மாதிரி வந்தது. மிக்கேல் சாலையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "நாலு மாசம் இருக்கும். மத்தியானம் நான் வண்டிய எடுக்கும்போதெல்லாம் கருகின வாட அடிக்கும்." "சொல்லுறதுக்கு என்னலே?" "சொன்னா கேப்பியளா?" அவன் கியரை மாற்றினான். "அன்னைக்கு ஒருதடவ சொன்னேனே, அவன் இல்லன்னு." அவ்வளவுதான் சொன்னான். இன்னும் நாலு வார்த்தை சொல்லியிருந்தால் அவரும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பார், சத்தம் போட அவருக்குத் தெரியும், சத்தம்தான் அவருடைய தொழில். இவன் காஜாவிடம் போய்ச் சொல்லப்போகிறான். இல்லை, சொல்லமாட்டான், பாட்டிலே சொல்லிவிடும். ஒன்பது கல் போய் ஒன்பது கல் வந்து, பாட்டிலில் மிச்சம் இருந்தால் காஜா பார்ப்பான், பட்டறையில் நிற்கிற எல்லாரும் பார்ப்பார்கள். அவர் மூடியைத் திருகினார். மெதுவாக, மரை ஒவ்வொன்றாக. டியூப் முனை மூழ்கியிருக்கிற அளவுக்கு வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கீழே விட்டால் போதும். ஐந்நூறு நோட்டீஸ் எரிந்ததைவிட இது சத்தமில்லாத வேலை. சாய்த்தார். டீசல் ஒரு நூலாக இறங்கியது. நேராக இடது பாதத்தின்மேல் விழுந்து, விரல்களுக்கு இடையில் பரவி, செருப்பை நிறைத்தது. ஈரம் தெரியவில்லை. குளிர்ச்சி தெரியவில்லை. ஒன்றுமே தெரியவில்லை. செத்துப்போன யாரோ ஒருவனின் பாதத்தில் எண்ணெய் ஊற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கிற மாதிரி இருந்தது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார், ஊற்றிக்கொண்டே இருந்தார். "கொட்டினா என்ன அண்ணாச்சி, இன்னொரு லிட்டர் ஊத்தி மறுபடி ஓட்டலாம்" என்றான் மிக்கேல், முகத்தைத் திருப்பாமல். "வண்டி எத்தன தடவ கேட்டாலும் அதையேதான் சொல்லும்." பாட்டிலை நிமிர்த்தினார். வலது கையால் மூடியை இறுக்கினார். அந்தக் கையால் மிக்கேலின் வாயில் ஒன்று போடலாம், தன் முழங்காலில் போடலாம், ஸ்பேனரை எடுத்து அந்தக் கல்வெட்டைத் தூள் தூளாக உடைக்கலாம், உடைத்தாலும் அதற்கு வலிக்காது, அதுதான் பெரிய கொடுமை, அடிக்கிறவனுக்கு மட்டும் கை வலிக்கும்.

பட்டறை வாசலில் வண்டி நின்றது. கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டாண்டிலிருந்து வந்த நாலைந்து டிரைவர்கள் டீ கிளாசோடு நின்றார்கள், அவர்களில் ஒருவன், "என்ன தலைவரே, தீர்ப்பு என்ன?" என்றான். காஜா கையைத் துடைத்துக்கொண்டு வந்து பாட்டிலை வாங்கினான். அடியில் இரண்டு விரல் அளவு டீசல். அவருடைய வேட்டியையும் காலையும் பார்த்தான், தரை விரிப்பில் தேங்கியதைப் பார்த்தான், மோந்து பார்த்தான். "போறப்ப எத்தன கல்லு?" "ஒன்பது" என்றான் மிக்கேல். "வாறப்ப?" "வந்தாச்சு. மிச்சம் இருக்கு." "அப்ப சிந்தினது?" மிக்கேல் வண்டியிலிருந்து இறங்கிப் போய்க் குழாயடியில் கைகழுவ ஆரம்பித்தான். இதுதான் நேரம். டியூப் கழன்றுவிட்டது என்று சொல்லலாம். பாட்டிலை அவன் சரியாக மாட்டவில்லை என்று சொல்லலாம். இந்த நாலைந்து பேரும் நம்புவார்கள், ஊர் இருபத்தாறு வருடமாக அவரை நம்பிக்கொண்டுதான் இருக்கிறது. சட்டைப் பையில் சுண்ணாம்புக்கட்டி இருந்தது, பலகை துடைத்து வைத்தபடி இருந்தது. மாடக்கண்ணு கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். இடது கால் முதலில் தரையில் பட்டது, பட்டது என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டார். "அவன் இல்ல" என்றார்.

காஜாவுக்குக் கம்ப்ரஸர் சத்தத்தில் கேட்கவில்லை. "என்ன அண்ணாச்சி?" மாடக்கண்ணு மேடைக் குரலை எடுத்தார், வாசல் கூட்டத்துக்குப் பேசிய அந்தக் குரலை, மைக் இல்லாமல் மில்லின் கடைசி ஷெட்வரை கேட்கிற குரலை. அது வழியிலேயே உடைந்து வந்தது. "அவன் இல்லடே. போறப்ப ஓட்டினது நான். கொட்டினது நான். கால் என் கால்." டீ கிளாஸ்கள் அப்படியே நின்றன. "மிக்கேலண்ணன் டீசல எடுக்கலேங்கிய, அதான?" என்றான் காஜா, அவரைக் கைத்தாங்கலாகப் பிடிக்க வந்தபடி. "மிக்கேல் இல்ல" என்றார் மாடக்கண்ணு. "தவசி. தவசி இல்ல. நான் தப்பான கைய உடைச்சிட்டேன்." டிரைவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "யாருண்ணே தவசி?" என்று ஒருவன் கேட்டான், அங்கே நின்றவர்களில் எவனுக்கும் அந்தப் பெயர் தெரியாது. குழாயடியில் தண்ணீர் திறந்தபடியே ஓடிக்கொண்டிருந்தது. மிக்கேல் ஈரக் கையோடு திரும்பி நின்று, காலையிலிருந்து முதல்தடவையாக, அவர் முகத்தைப் பார்த்தான்.